வரியை ஏத்தறதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்கணுமா?



நீங்க ஷேர் வெச்சிருக்கற ஒரு பப்ளிக் லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கோங்க. அந்தக் கம்பெனி தன்னோட மூலதனம், ரிசர்வ் எல்லாத்தையும் தாண்டி கடன் வாங்கணும்னா போர்டு மட்டும் கையெழுத்து போட்டா போதாது. 2013 கம்பெனிகள் சட்டம் பிரிவு 180 படி, ஷேர்ஹோல்டர்கள்கிட்ட சிறப்புத் தீர்மானம் வாங்கணும். எதிர்த்து விழற ஓட்டைப் போல மூணு மடங்காவது ஆதரவு ஓட்டு விழணும். நீங்க பத்தே பத்து ஷேர் வெச்சிருந்தாலும் இ-வோட்டிங் லிங்க் உங்க மெயிலுக்கு வரும்.

இப்போ நம்ம மாநிலத்துக்கு வருவோம். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டுப்படி, 2026 மார்ச் 31 அன்னிக்கு தமிழ்நாடு அரசோட நிலுவைக் கடன் சுமார் 9.30 லட்சம் கோடி ரூபாய். மாநிலப் பொருளாதாரத்துல இது 26% அளவு. 2021 ஆகஸ்ட்ல வந்த வெள்ளை அறிக்கை ஒவ்வொரு குடும்பத்து மேலயும் 2,63,976 ரூபாய் பொதுக் கடன் இருக்குன்னு சொன்னது ஞாபகம் இருக்கா? அதே மாதிரி வகுத்துப் பார்த்தா இன்னிக்கு அது 4 லட்சத்தைத் தாண்டிடும். இதுக்கு உங்களுக்கு ஏதாவது லிங்க் வந்துச்சா?

"அதான் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டு போடுறோமே சார்"ன்னு சொல்லுவீங்க. நியாயம்தான். ஆனா உலகத்துல சில இடங்கள்ல அது போதாதுன்னு முடிவு பண்ணி, வரியையோ கடனையோ ஏத்தணும்னா தனியா மக்கள் ஓட்டு வாங்கணும்னு சட்டமே வெச்சிருக்காங்க. நமக்கு அது வேணுமா? என் கருத்தை இப்பவே சொல்லிடறேன்: உள்ளாட்சியில கண்டிப்பா வேணும். வருமான வரியில வேண்டவே வேண்டாம். மாநிலக் கடன்ல, ஒரு எல்லையைத் தாண்டும்போது மட்டும் வேணும். ஏன்னு வரிசையா பார்ப்போம்.

சொத்து வரியோட தேதிகளை மட்டும் பாருங்க

சென்னையில சொத்து வரி 1998-ல் சீராய்வு செஞ்சாங்க. மத்த நகரங்கள்ல 2008-ல். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா யாரும் அதைத் தொடவே இல்லை. தொட்டா ஓட்டு போயிடும்ங்கற பயம்.

2018 ஜூலையில அரசாணை வந்துச்சு. சொந்தமா குடியிருக்கற வீட்டுக்கு 50%, வாடகை வீட்டுக்கும் கடைக்கும் 100% வரை உயர்வு. அந்த நேரத்துல தமிழ்நாட்டுல எந்த மாநகராட்சியிலயும் நகராட்சியிலயும் கவுன்சிலரே கிடையாது! 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சு, தேர்தல் நடக்காம, தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பண்ணிட்டு இருந்தாங்க. வரி ஏறுது, கேள்வி கேட்க வார்டுல ஆளே இல்லை.

2019 நவம்பர்ல உள்ளாட்சித் தேர்தல் பேச்சு ஆரம்பிச்சது. அந்த உயர்வை நிறுத்தி வெச்சாங்க.

2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஓட்டு எண்ணி முடிச்சு ஆறு வாரம்கூட ஆகலை, ஏப்ரல் தொடக்கத்துல புது அறிவிப்பு வருது. வீட்டோட பரப்பளவைப் பொறுத்து 25%-லிருந்து 100% வரை உயர்வு. சென்னையோட பழைய பகுதிகள்ல 150% வரை. 15-வது நிதிக்குழுவோட மானியம் வேணும்னா சொத்து வரியை ஏத்தியாகணும்ங்கறது நிபந்தனைன்னு காரணம் சொன்னாங்க. நிபந்தனை உண்மைதான். ஆனா அந்த நிபந்தனை பிப்ரவரியிலயும் இருந்துச்சே! தெருத்தெருவா பிரசாரம் பண்ணப்போ யாராவது இதைச் சொன்னாங்களா?

கட்சி பேர் சொல்லி அடிக்கறதுக்காக இதை எழுதலை. 2018-ல் ஏத்தினது ஒரு கட்சி, எதிர்த்துப் போராடினது இன்னொரு கட்சி. 2022-ல் அப்படியே இடம் மாறிச்சு. ஆட்சி மாறினாலும் பழக்கம் மாறலை: தேர்தலுக்கு முன்னாடி நிறுத்து, தேர்தல் முடிஞ்சதும் ஏத்து. வேட்பாளருக்குத்தான் நாம ஓட்டு போடுறோம். வரிக்கு ஓட்டு போட நமக்கு ஒரு நாள் கிடையாது.

2022 உயர்வோட சேர்த்தே வருடாந்திர ஏற்றத்துக்கும் வழி செஞ்சிட்டாங்க. 2024-ல் அப்படி 6% ஏறுச்சு. 72 விதி தெரியும்தானே? வருஷா வருஷம் 6% ஏறினா, 12 வருஷத்துல உங்க சொத்து வரி இரட்டிப்பு.

கிராம சபை போகும்போது என்ன போகுது?

நான் இருக்கறது திருவண்ணாமலையில அடி அண்ணாமலை பக்கம், கிரிவலப் பாதையோரம். இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு நான் சொல்ல வர்றது உடனே புரியும்.

2024 ஆகஸ்ட்ல திருவண்ணாமலை மாநகராட்சி ஆச்சு. கிரிவலப் பாதை ஓரத்து ஊராட்சிகளும் மாநகராட்சி எல்லைக்குள்ள வந்தது. தமிழ்நாட்டுல இப்படி இணைப்பு பேச்சு வந்த பல ஊர்கள்ல ஜனங்க எதிர்த்தாங்க. நூறு நாள் வேலை போயிடும், வீட்டு வரி, தண்ணி வரி ஏறிடும்னு பயம். வேண்டாம்னு கிராம சபையில தீர்மானம் போட்ட ஊர்களும் உண்டு. தீர்மானம் போட்டாலும் முடிவு சென்னையிலதான்.

வரி ஏறுறதைப் பத்தி எல்லாரும் பேசினாங்க. வரி ஏறும்போது கை தூக்கிக் கேள்வி கேட்கற இடமும் சேர்ந்து போகுதுங்கறதைப் பத்தி யாரும் பேசலை.

ஊராட்சியா இருந்தா கிராம சபை உண்டு. வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கற ஒவ்வொருத்தரும் அதுல உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்போ கூடுதலா மார்ச் 22, நவம்பர் 1. ஊராட்சி பட்ஜெட்டுக்கும் தணிக்கை அறிக்கைக்கும் அங்கே ஒப்புதல் வாங்கணும்னு 1994 ஊராட்சிகள் சட்டம் சொல்லுது. நடைமுறையில டீ, வடை, நோட்டுல கையெழுத்துன்னு முடியற சபைகள் நிறைய உண்டு, எனக்கும் தெரியும். ஆனா சட்டப்படி, ஒரு சாதாரண வாக்காளர் அரசாங்கத்தோட ஒரு பட்ஜெட்டை நேரடியா ஒப்புக்கற இடம் இந்தியாவுல இது ஒண்ணுதான் இருக்கு.

மாநகராட்சி ஆனதும் அது கிடையாது. பதிலுக்கு ஏரியா சபை. 2022 நவம்பர் 1-லிருந்து நகரங்கள்ல நடத்தறாங்க. நல்ல ஆரம்பம்தான், ஆனா அங்கே தெருவிளக்கு எரியலை, சாக்கடை அடைச்சிருக்குன்னு சொல்லலாம், பரிந்துரை பண்ணலாம். வரி எவ்வளவுன்னு ஓட்டு போட முடியாது.

இன்னொண்ணும் இருக்கு. திருவண்ணாமலை உட்பட பல மாவட்டங்கள்ல 2019 டிசம்பர்ல தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சது. அடுத்த தேர்தல் உடனே நடக்கலை, தனி அலுவலர்கள் வந்தாங்க. 2018-ல் நகரத்துக்கு நடந்ததே கிராமத்துக்கும்.

இப்போ ஒரு நிஜமான கேள்வி. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் சுத்தி நடக்கறாங்க. குப்பை, குடிதண்ணி, கழிப்பறை, விளக்குன்னு எல்லாத்துக்கும் செலவு இருக்கு. இந்தச் செலவை அடி அண்ணாமலையில 600 சதுர அடி வீடு வெச்சிருக்கறவரோட சொத்து வரி தாங்கணுமா? இல்லை, வண்டி நிறுத்தக் கட்டணத்துலயும் லாட்ஜ்காரங்க கட்டற வரியிலயும் கூடுதலா எடுக்கணுமா? இல்லை, மாநில அரசு தரணுமா? மூணு பக்கமும் நியாயம் இருக்கு. இதுக்குப் பதில் சொல்ல வேண்டியது இங்கே குடியிருக்கறவங்க. அவங்ககிட்ட யாரும் கேட்டதில்லை.

கேட்ட இடங்கள்ல என்ன ஆச்சு?

அமெரிக்காவுல கொலராடோ மாநிலம். 1992-ல் மக்களே ஓட்டு போட்டு அரசியல் சட்டத்துல ஒரு பிரிவு சேர்த்தாங்க. வரி விகிதத்தை ஏத்தணும்னாலும், புதுசா பல வருஷக் கடன் வாங்கணும்னாலும் மக்கள் ஓட்டு வேணும். வரி வருமானம் பணவீக்கத்தையும் மக்கள்தொகை வளர்ச்சியையும் தாண்டி வந்தா, மிச்சத்தை மக்களுக்கே திருப்பித் தரணும். கேட்கவே ஜில்லுன்னு இருக்கு இல்லையா?

ஆனா ஆடிட்டர் கண்ணோட பார்த்தா ஓட்டை தெரியும். வரின்னு சொன்னா ஓட்டு வேணும். கட்டணம்னு சொன்னா வேண்டாம். அதனால கட்டணங்கள் வளர்ந்துச்சு. 2020-ல் மக்கள் மறுபடியும் ஓட்டு போட்டு, கட்டணத்துல ஓடற பெரிய புது அமைப்புகளுக்கும் ஒப்புதல் வேணும்னு சேர்க்க வேண்டி வந்துச்சு. கடனும் அப்படித்தான். கடன்னு சொல்லாம, கட்டடத்தைக் குத்தகைக்கு எடுக்கற மாதிரி காகிதம் போட்டுப் பணம் திரட்டினாங்க.

நமக்கு இது புதுசா என்ன? சொத்து வரிக்குப் பக்கத்துலயே குடிநீர்க் கட்டணம், பாதாள சாக்கடைக் கட்டணம், குப்பைக் கட்டணம்னு வரிசையா ரசீது வருது. மத்திய அரசு மாநிலங்களோட பங்கு போட வேண்டாத செஸ், சர்சார்ஜ் போடுது. கடன் பக்கம் பார்த்தா, மின்வாரியம் தன் பேர்ல வாங்கின கடன்ல 22,815 கோடி ரூபாயை 2017-ல் உதய் திட்டத்துல மாநில அரசு தன் தலையில ஏத்திக்கிச்சு. அதுவரைக்கும் அது பட்ஜெட் கணக்குக்கு வெளியில இருந்த கடன்.

சுவிட்சர்லாந்து இதை வேற மாதிரி செய்யுது. அங்கே நிறைய ஊர்கள்ல ஊர்க் கூட்டம் போட்டு, வந்தவங்க கை தூக்கி அந்த ஊரோட பட்ஜெட்டையும் வரி விகிதத்தையும் முடிவு பண்றாங்க. நம்ம கிராம சபையேதான், ஆனா பல்லோட. மதிப்புக்கூட்டு வரியோட உச்ச விகிதம் நாட்டோட அரசியல் சட்டத்துலயே எழுதியிருக்கு, அதனால அதை ஏத்த நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடக்கணும்.

"மக்கள்கிட்ட கேட்டா எவன் சார் வரியை ஏத்துன்னு சொல்லுவான்?"ன்னு நிறைய பேர் கேட்பாங்க. 2022 செப்டம்பர்ல சுவிஸ் மக்கள்கிட்ட கேட்டாங்க: முதியோர் ஓய்வூதியத்துக்காக இந்த வரியை 7.7%-லிருந்து 8.1% ஆக்கலாமா? சுமார் 55% பேர் சரின்னு சொன்னாங்க. பணம் எங்கே போகுதுன்னு தெளிவா சொன்னா, ஜனங்க கணக்கு போட்டுத்தான் ஓட்டு போடுறாங்க.

எதிர்ப்பக்க உதாரணம் ரொம்ப தூரத்துல இல்லை. இலங்கையில 2019 டிசம்பர்ல, தேர்தல்ல ஜெயிச்ச கையோட, வாட் வரியை 15%-லிருந்து 8%-ஆ குறைச்சாங்க. எல்லாருக்கும் சந்தோஷம். கடன் மட்டும் அப்படியே நின்னுச்சு. கொரோனா, டாலர் தட்டுப்பாடுன்னு வேற காரணங்களும் சேர்ந்தது. 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதுன்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் அதே வாட் 2024 ஜனவரியில 18%. குறைச்சதை வட்டியோட வாங்கிட்டாங்க.

இதுல இருந்து நான் எடுத்துக்கற பாடம்: வரியையும் கடனையும் தனித்தனியா கேட்கக் கூடாது. வரிக்கு மட்டும் ஓட்டு வெச்சா, கடன் வழியா ஓடிடுவாங்க. இன்னிக்கு வாங்கற கடன், நாளைக்குக் கட்ட வேண்டிய வரி. 28 வயசுல இதைப் படிக்கற நீங்கதான் அந்த இஎம்ஐ கட்டப் போறவங்க.

அப்போ வருமான வரிக்கும் ஓட்டு வைக்கலாமா?

இங்கேதான் சம்பளக்காரங்க கொஞ்சம் நிதானிக்கணும். டிடிஎஸ் பிடிச்ச பேஸ்லிப்பைப் பார்த்ததும் "எங்களைக் கேட்டுட்டு ஏத்துங்கடா"ன்னு தோணும். கணக்கைப் பாருங்க. 2024 மக்களவைத் தேர்தல்ல வாக்காளர்கள் சுமார் 97 கோடி. வருமான வரி ரிட்டர்ன் போடறவங்க 8 கோடி சொச்சம். அதுலயும் பாதிக்கு மேல கட்டற வரி பூஜ்யம்.

நாளைக்கே ஓட்டெடுப்பு வெச்சு, "வருஷம் 15 லட்சத்துக்கு மேல வாங்கறவங்களுக்கு வரியை ஏத்தலாமா?"ன்னு கேட்டா என்ன முடிவு வரும்? தாராளமா ஏத்தலாம்னுதான் வரும். அடுத்தவன் பாக்கெட்டுக்கு ஓட்டு போடறது ரொம்ப சுலபம். கட்டறவன் ஒருத்தன், ஓட்டு போடறவன் வேறொருத்தன்னு இருக்கற இடத்துல மக்கள் ஓட்டு உங்களைக் காப்பாத்தாது. அங்கே பாராளுமன்ற விவாதமே மேல்.

அங்கேயும் குரல் கொடுத்தா பலன் உண்டு. 2024 ஜூலை 23 பட்ஜெட்ல வீடு, மனை விற்பனைக்கு இண்டெக்ஸேஷனை எடுத்தாங்க. நாடு முழுக்க சத்தம் கிளம்புச்சு. ஆகஸ்ட்லயே திருத்தம் வந்துச்சு: அந்தத் தேதிக்கு முன்னாடி வாங்கின சொத்துக்கு, இண்டெக்ஸேஷனோட 20% அல்லது இல்லாம 12.5%, எது குறைவோ அது. ஓட்டு இல்லாமலே கேட்க வெச்சாங்க.

உள்ளாட்சி அப்படி இல்லை. அங்கே வரி கட்டறவர், ரோட்டுல நடக்கறவர், ஓட்டு போடறவர் மூணு பேரும் பெரும்பாலும் ஒரே ஆள். வாடகைக்கு இருக்கறவர் வரி கட்டலையேன்னு கேட்கலாம். ஓனர் வரி ஏறினா அடுத்த அக்ரிமெண்ட்ல வாடகை ஏறும்னு அவருக்குத் தெரியாதா என்ன?

நான் கேட்கறது இவ்வளவுதான்

ஒண்ணு. பணவீக்க அளவுக்குள்ள வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏறட்டும், அதுக்கு ஓட்டு வேண்டாம். 20 வருஷம் தூங்கிட்டு ஒரே நாள்ல 100% ஏத்தறது அப்போதான் நிக்கும். பணவீக்கத்தைத் தாண்டி ஏத்தினா, ஏரியா சபைகள்ல ஓட்டு. பாதிக்கு மேல சபைகள் சரின்னு சொன்னாத்தான் செல்லும்.

ரெண்டு. ஓட்டுச் சீட்டுல மூணு வரி இருக்கணும்: உங்களுக்கு எவ்வளவு கூடும், அதுல என்ன வரும், வேண்டாம்னு சொன்னா எது நிக்கும். நிதிக்குழு மானியம் போகும்னா அதையும் அங்கேயே எழுதுங்க. ஜனங்க முடிவு பண்ணட்டும்.

மூணு. பேர் கட்டணமா இருந்தாலும், கட்டாயமா வசூல் பண்ணினா அது வரிதான். அதே ஓட்டு.

நாலு. மாநிலக் கடனுக்கு ஒரு உச்சவரம்பு. வாரியங்கள், கழகங்கள் வாங்கற கடனும், அரசு கொடுக்கற உத்தரவாதமும் அதுல சேரணும். அதைத் தாண்டணும்னா, அடுத்து வர்ற தேர்தலோட சேர்த்து மக்கள்கிட்ட கேளுங்க. மெட்ரோ, குடிநீர்த் திட்டம் மாதிரி 40 வருஷம் உழைக்கற விஷயத்துக்குக் கடன் வாங்கறது தப்பே இல்லை. அப்படிப்பட்டதுக்கு மக்கள் சரின்னுதான் சொல்லுவாங்க. வாங்கின கடனைத் திருப்பிக் கட்ட இன்னொரு கடன் வாங்கறதுக்குத்தான் கேள்வி வரும். வரணும்.

முதல் மூணுக்கும் டெல்லி வரை போக வேண்டாம். உள்ளாட்சி வரிகளை எப்படிப் போடணும்னு முடிவு பண்ற அதிகாரம் அரசியல் சட்டப்படி மாநில சட்டமன்றத்துக்கு இருக்கு. நம்ம உள்ளாட்சிச் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டு வந்தா போதும்.

உத்திரமேரூர் கல்வெட்டுல, சுமார் 1,100 வருஷத்துக்கு முன்னாடி, வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவரும் அவரோட உறவினர்களும் மறுபடி போட்டியில நிக்க முடியாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. அந்த ஊர்ல பிறந்த சட்டத்தைப் பெருமையா பேசறோம், கணக்கு கேட்கற பழக்கத்தை மட்டும் விட்டுட்டோம்.

சட்டம் மாறற வரைக்கும் நீங்க என்ன பண்ணலாம்?

- வேலை சென்னையில, பெங்களூருல இருந்தாலும் ஓட்டு ஊர்லதான் இருக்குன்னா, கிராம சபை நாள்ல நாலு பெரும்பாலும் அரசு விடுமுறைதான். ஒரு தடவையாவது போங்க. பட்ஜெட் நகலையும் தணிக்கை அறிக்கையையும் கேளுங்க.
- நகரத்துல இருந்தா உங்க வார்டு ஏரியா சபை எப்போன்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க. "சொத்து வரியில போன வருஷம் எவ்வளவு வசூல், எங்கே செலவு?"ன்னு ஒரே ஒரு கேள்வியை எழுத்துல கொடுங்க.
- உங்க வீட்டு சொத்து வரி ரசீதுல பரப்பளவு, பயன்பாடு சரியா இருக்கான்னு பாருங்க. பரப்பளவு ஒரு ஸ்லாப் தாண்டிப் பதிவாகியிருந்தா, உயர்வு சதவீதமே மாறியிருக்கும்.
- அரையாண்டு தொடங்கின முதல் 30 நாளுக்குள்ள, அதாவது ஏப்ரல், அக்டோபர்ல கட்டினா 5% ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய்.
- வீட்டை வாடகைக்கு விட்டிருந்தா, அந்த வருஷம் நீங்க கட்டின சொத்து வரியை வாடகை வருமானத்துல கழிச்சுக்கலாம். புது வரி முறையிலயும் இது உண்டு. நிறைய பேர் இதை விட்டுடறாங்க.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல்ல உங்க தெருவுக்கு ஓட்டு கேட்டு வர்றவர்கிட்ட, எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, இதைக் கேளுங்க: "அண்ணே, ஜெயிச்சா சொத்து வரியை ஏத்துவீங்களா? ஏத்தறதுக்கு முன்னாடி எங்களைக் கூப்பிட்டுக் கேட்பீங்களா?" பதிலை போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, அவர்கிட்ட சொல்லிட்டே பண்ணுங்க. நாளைக்கு ஏரியா சபையில போட்டுக் காட்ட உதவும்.

மாநில பட்ஜெட்ல கடன் கணக்கை எந்தப் பக்கத்துல, எப்படிப் படிக்கறதுன்னு அடுத்த வீடியோல ஸ்கிரீன்ல காட்டறேன். சந்திப்போம்.